கணினி கற்ற சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளுக்கு,

கல்லூரிகளில் கணினி இயல் பயின்றுகொண்டிருக்கும் மாணவியரும், சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் மென்பொருள் ஸ்தாபனங்களில் உத்தியோகம் பார்ப்போரும், திருமணத்தையோ மகப்பேற்றையோ ஒட்டி அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, மீண்டும் எங்கே தொடங்குவது என்ற யோசனையோடு வீட்டில் இருப்போரும் ஆகிய உங்கள் அனைவரையும் மனத்தில் இருத்தியே இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். உலகம் முழுவதும் பொதுச் சொத்தாக அனுபவித்து வரும் கட்டற்ற மென்பொருள்களை எழுதுவோர், திருத்துவோர், பேணுவோர் வரிசையில் நீங்களும் வந்து சேரவேண்டும். இதை உபசார வார்த்தையாகச் சொல்லவில்லை. தக்க காரணங்களோடுதான் சொல்கிறேன். அவற்றைக் கேட்டபின் நீங்கள் மறுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. எங்களை யாரும் அழைக்கவே இல்லையே என்ற குறை மட்டும் உங்களுக்கு இருக்கலாகாது.

மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் சொல்லி வருகிறோம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இன்று உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடித்தளத்தில் ஓடுவது அந்த லினக்ஸ்தான். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் உள்ள 500 கணினிகளிலும் ஓடுவதும் அதுவே. நம் முன்னோர் ஏரிகளைக் காத்த குடிமராமத்து முறையோடு இதை ஒப்பிடலாம். ஏரி நீரை உபயோகிக்கும் குடிகள் ஒன்றுகூடி வரத்துக் கால்வாயைத் தூர் வாரி, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்டார்கள். எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு என்பதும் அப்படிக் கூடியவர்கள் பேசித் தீர்மானித்ததுதான். கூடாதவர்களுக்கும் நீர் கிடைக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானத்தில் அவர்களுடைய சொல் இராது. கட்டற்ற மென்பொருள் விஷயத்தில் இன்று பெண்களின் நிலை ஏறக்குறைய இதுதான்.

2006-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாதம் முழுவதும் அதன்மீதே நிற்கிறது. லினக்ஸ் கணினியைத் திறந்ததும் சாளரங்களும் பட்டியல்களும் பொத்தான்களுமாகக் கண்முன் விரியும் முகப்பை உருவாக்கித் தரும் திட்டங்களுள், 1997-இல் தொடங்கிய க்னோம் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கோடைக் காலத்தில் இத்தகைய திட்டங்களில் வேலை செய்யவைக்கும் ஏற்பாட்டைக் கூகுள் நிறுவனம் 2005-இல் தொடங்கியிருந்தது. மறு ஆண்டு அந்த ஏற்பாட்டின்கீழ் க்னோமுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்து அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வும் இந்த நிலையையே உறுதிப்படுத்தியது: தனியுடைமை மென்பொருள் துறையில் நூற்றுக்கு 28 பேர் பெண்களாக இருக்க, கட்டற்ற மென்பொருள் சமூகத்திலோ நூற்றுக்கு ஒன்றரைப் பேரே இருந்தார்கள்.

பெண்களுக்கு இதில் நாட்டமில்லை போலும் என்று சொல்லி இந்த இடத்தில் நின்றுவிடுவது வெகு சுலபம். இன்றும் பல திட்டங்களில் அப்படித்தான் நின்றுவிடுகிறார்கள். க்னோம் அமைப்பினர் நிற்கவில்லை. அதே கோடைக்குப் பெண்களுக்கென்றே தனியாக ஒரு பயிற்சியை அறிவித்து, விண்ணப்பியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். ஏறத்தாழ நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள். ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆண்டு அதுவே, திட்டம் அதுவே, எழுத வேண்டிய நிரலும் அதே வகையினதே; மாறியது அழைப்பு ஒன்றுதான். சூனியம் நூறாக மாறுவதற்கு ஓர் அழைப்பு போதுமாயிருந்தது என்றால், அதற்கு முன் பெண்கள் வராமலிருந்ததற்குத் திறமையின்மையையோ ஆர்வமின்மையையோ காரணம் காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த முயற்சி அப்போது தொடராமல் நின்றுபோயிற்று. 2010-இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் ரெட் ஹாட் நிறுவனத்தில் க்னோம் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்த மரீனா ஜுராகின்ஸ்காயா. விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று பார்ப்பதைவிட, ஒரு வழிகாட்டியின் துணையோடு திட்டத்தில் ஒரு சிறு திருத்தத்தையாவது செய்து காட்டச் சொல்வதே நல்லது என்று அந்த முயற்சியை நடத்தியவர்கள் வகுத்த முறை மிகவும் விவேகமானது. ஏனெனில், தேர்வு பெறாதவளும் அந்த ஒரு திருத்தத்தைச் செய்து முடித்தவளாகத்தான் திரும்புகிறாள். 2013-இல் லினக்ஸ் கெர்னலே இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. 2015-இல் இது சாப்ட்வேர் ப்ரீடம் கன்சர்வன்சி என்ற தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்புக்கு மாறி, அவுட்ரீச்சி என்ற புதுப் பெயரும் பெற்று, தத்தம் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் புறக்கணிக்கப்படும் பிறருக்கும் வாயிலைத் திறந்துவிட்டது. நம் நாட்டிலிருந்தும் பல பெண்கள் அந்த வாயில் வழியே சென்றிருக்கிறார்கள். மரீனா 2022-இல் காலமானார். அவர் கட்டிய ஏற்பாடு ஓய்வின்றி நடந்து வருகிறது.

பெண்கள் வரவேண்டும் என்பது எண்ணிக்கையைச் சமன் செய்வதற்காக மட்டும் சொல்லப்படும் வார்த்தையன்று. மேற்சொன்ன தர்ம ஸ்தாபனத்தின் நிர்வாக இயக்குநரான கேரன் சாண்ட்லர் என்ற வழக்கறிஞரின் வரலாறு இதை எவ்வளவோ தெளிவாக விளக்கும். அவருக்குப் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருக்கும் ஒரு வியாதி. திடீரென்று இதயம் தாளம் தப்பினால் மின்னதிர்ச்சி கொடுத்து உயிரைக் காக்கும் கருவியொன்றை அவர் உடம்புக்குள் பொருத்த வேண்டுமென வைத்தியர்கள் சொன்னபோது, அதற்குள் ஓடும் மென்பொருளின் மூல நிரலை நான் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். தயாரிப்பாளர்கள் காட்ட மறுத்துவிட்டார்கள். வேறு வழியின்றிக் கருவியைப் பொருத்திக்கொண்டார். பின்னர் அவர் கருவுற்றிருந்த காலத்தில் அவருடைய இதயம் சற்றே படபடத்தது. கர்ப்பிணிகளுக்கு இது சாதாரணமாக ஏற்படுவதுதான். ஆனால் கருவிக்கு அது தெரியவில்லை. இதை ஆபத்தென்று கருதி, தேவையே இல்லாமல் அவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்தது. பிரசவம் வரையில் இதயத் துடிப்பைத் தணிக்க மருந்து உட்கொண்டுதான் அவர் சமாளிக்க வேண்டியிருந்தது. தம் மார்புக்குள்ளேயே ஓடும் நிரல் எந்த நிபந்தனையைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தது என்பதைப் படித்தறியக்கூட அவருக்கு உரிமை இல்லை. அதை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணியின் இதயத்தைப் பற்றி எழுதும்போது நினைவூட்ட வேண்டியவர்களும், எழுதியதைத் திறந்து பார்த்துத் தவற்றைச் சுட்ட வேண்டியவர்களும் அந்த நிரலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்றே சொல்கிறேன். திறந்த நிரல் என்பதும், அதன் அருகே பெண்கள் இருக்கவேண்டும் என்பதும் இந்த அம்மையாரின் உடம்பில் ஒரே கோரிக்கையாகிவிட்டன.

பங்களிப்பு என்றால் மகத்தான ஏதோ ஒன்றைப் படைப்பது என்ற பிரமை பலருக்கு உண்டு. முதற்பங்களிப்பு உண்மையில் எப்படி இருக்கும் என்பதைக் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். லினக்ஸ் கெர்னலின் கோடிக்கணக்கான வரிகளுக்கிடையே, இன்னும் பக்குவப்படாத இயக்கி நிரல்களைப் போட்டுவைப்பதற்கென்று ஸ்டேஜிங் என்ற பகுதி ஒன்று உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் அரிச்சுவடி தொடங்குகிறார்கள். அங்கே ஒரு கோப்பில் யாரோ அறிவித்துவிட்டு எங்கும் பயன்படுத்தாமல் விட்ட மாறி ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை நீக்கி, கோப்பு பிழையின்றிக் கம்பைல் ஆகிறதா என்று பார்த்து, கமிட் செய்து, பேட்ச்சாக மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள். அந்த அஞ்சலில் நீக்கிய வரி கழித்தல் குறியோடு நிற்கும். அதன் மேலும் கீழும் இடம் காட்டுவதற்காக மும்மூன்று வரிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எதை, ஏன் நீக்கினீர்கள் என்று நீங்கள் எழுதிய இரண்டொரு வாக்கியங்களும், அவற்றின் அடியில் இது என் பொறுப்பு என்று உறுதிகூறும் உங்கள் கையொப்ப வரியும் இருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, முன்பின் அறியாத ஒருவர் பதில் எழுதுவார்: விளக்கம் போதவில்லை, காரணத்தைச் சேர்த்து மீண்டும் அனுப்புங்கள் என்பார். இரண்டாம் பதிப்பு என்று தலைப்பில் குறித்து மீண்டும் அனுப்புகிறீர்கள். ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அவ்வளவுதான் விஷயம், ஒரே ஒரு வரி.

ஆனால் அந்த ஒரு வரியின் பின்னே நிற்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். கெர்னலின் சரித்திரம் 2005 ஏப்ரல் முதல் கிட் என்னும் பதிவு முறையில், யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்ற விவரத்தோடு ஒரு திருத்தமும் விடுபடாமல் பதிவாகி வருகிறது. அந்தச் சரித்திரத்தை உலகில் எவர் தம் கணினியில் முழுமையாகப் படியெடுத்தாலும் உங்கள் பெயரும் அதனுடன் செல்லும். உத்தியோகத்தில் நீங்கள் பத்தாண்டுகள் எழுதிய நிரல் ஸ்தாபனத்தின் சொத்து; வேலையை விட்டு வெளியே வந்த மறுநாள் அதில் ஒரு வரியைக்கூட இது நான் எழுதியது என்று பிறருக்குக் காட்ட முடியாது. குழந்தை பிறந்து மூன்றாண்டுகள் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி நேர்காணலுக்குப் போகும் பெண்ணிடம் கேட்கப்படும் முதற்கேள்வியே, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதுதான். கேட்பவர் தாமே திறந்து படித்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய விடை ஒன்று பொதுவெளியில் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய பலம்!

ஒரு வரியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை கிடையாது. பிரான்சிலுள்ள இன்ரியா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜூலியா லாவால் அம்மையார், ஒரே மாதிரியான தவறு கெர்னலின் ஆயிரக்கணக்கான கோப்புகளில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டு, ஒரே விதியின் மூலம் அத்தனையையும் திருத்தித் தரும் காக்சினெல் என்ற கருவியைத் தம் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கினார். கெர்னல் திட்டத்தில் பயிற்சிக்கு வந்த புதிய பெண்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்களுள் அவரும் ஒருவர்.

நமக்கே உரிய வேலை ஒன்றும் காத்துக்கிடக்கிறது. தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஆரம்பப் பள்ளிக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பைதான் மொழியில் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று விடை வரும்; தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று யூனிகோடு முறை அவற்றைத் தனித்தனியே வைத்திருப்பதால், நிரல் அப்படியே எண்ணிவிடுகிறது. அந்தச் சொல்லைத் தலைகீழாக்கச் சொல்லிப் பாருங்கள்: புள்ளி ஆதாரமின்றி முதலில் வந்து தொங்கும், மகரத்தின்மேல் இருந்த இகரக் குறி ழகரத்துக்குத் தாவிவிடும். படிவங்களில் பெயர் பாதியில் வெட்டுண்டு புள்ளியை இழந்து நிற்பதும், சொல்விளையாட்டுச் செயலிகளில் கட்டங்கள் பிசகுவதும் இதே காரணத்தால்தான். ஓபன்-தமிழ் என்ற பைதான் நிரலகம் இந்தக் கணக்கைச் சரியாகச் செய்கிறது. ஆனாலும் தமிழைக் கையாளும் ஒவ்வொரு மென்பொருளிலும் இதைக் கண்டுபிடித்து அறிவிக்கவும் திருத்தவும் ஆள் வேண்டும். தமிழில் எழுதிப் படித்து வளர்ந்த உங்களையன்றி வேறு யார் அதைச் செய்ய வருவார்கள்?

நிரல் எழுதாதவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. மொசில்லா 2017-இல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டம், பேச்சை எழுத்தாக்கும் கருவிகளுக்கு வேண்டிய குரல்களைத் தமிழிலும் சேகரித்து வருகிறது. பெண்களின் குரல் அதில் போதிய அளவு சேரவில்லையானால், அதைக் கொண்டு பயிற்றப்படும் கருவி பெண்களின் பேச்சைத் தடுமாறித்தான் புரிந்துகொள்ளும். மொழிபெயர்ப்பு, பயனர் கையேடு, சோதனை, பழுதைத் தெளிவாக எடுத்துரைத்தல் ஆகிய இவையாவும் திட்டங்களுக்கு உயிர்நாடியான காரியங்கள். ஆயினும் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெண்களை மொழிபெயர்ப்புக்கும் ஆவணத்துக்கும் என்றே ஒதுக்கிவிட்டு, நிரலை ஆண்களுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் எளிதில் படிந்துவிடும். உங்களுக்கு நிரல் எழுத விருப்பமிருந்தால் முதல் நாளே நிரலைக் கேட்டு வாங்குங்கள்.

உங்களில் பலர் உள்ளத்தில் இந்நேரம் எழுந்திருக்கக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உழைத்து, வீட்டுக்கு வந்து அடுப்பையும் குழந்தையையும் முதியோரையும் கவனித்து, ஊதியமில்லாத வேலை என்றால் என்னவென்று பிறவிப் பழக்கமாக அறிந்திருக்கும் எங்களிடமே, இன்னொரு ஊதியமில்லாத வேலையைச் செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆண்கள் இத்துறையில் பெருகியதற்கு அவர்களுடைய மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுடையதாகவே இருந்தது ஒரு பெருங்காரணம் என்பதை நான் ஒளிக்க மாட்டேன். அவுட்ரீச்சி பயிற்சியாளருக்குப் பணம் கொடுப்பது இதனால்தான்: மூன்று மாதம் வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலைக்கு 7,000 டாலர். உத்தியோகத்தில் இருப்பவர்கள், தங்கள் ஸ்தாபனம் நாள்தோறும் இலவசமாக உபயோகிக்கும் மென்பொருளில் கண்ட பழுதை அலுவலக நேரத்திலேயே திருத்தி அனுப்ப அனுமதி கேட்கலாம். இதில் யாசகம் எதுவும் இல்லை, பழுது நீங்கினால் பயன் ஸ்தாபனத்துக்கும்தான். ஒப்பந்தப்படி முன் அனுமதி அவசியமா என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, உங்கள் வீட்டில் உள்ள ஆண்களுக்கும் இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்கள் அடுக்களையைப் பார்த்துக்கொண்டால் இந்த ஆட்சேபத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மற்றோர் அச்சமும் உண்டு. எழுதியதை நாலு பேர் முன்னிலையில் குறை சொல்வார்களே என்பது அது. சொல்வார்கள். கெர்னல் உலகில் வசைமொழி சகஜமாக இருந்த காலமும் இருந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்துச் சில வாரம் ஒதுங்கியிருந்ததும், கெர்னல் திட்டம் நடத்தை விதிகளை ஏற்றதும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. கிட்ஹப் தளத்தில் அனுப்பப்பட்ட புல் ரிக்வெஸ்ட்டுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவை ஆண்கள் அனுப்பியவற்றைவிடச் சற்று அதிகமாகவே ஏற்கப்படுகின்றன என்று கண்டது; ஆனால் திட்டத்துக்குப் புதியவளாகவும், பெண் என்று வெளிப்படையாகத் தெரிபவளாகவும் இருந்தால் அந்த விகிதம் இறங்கிவிடுகிறது என்பதையும் கண்டது. முதலாவது உங்கள் தகுதிக்கு அத்தாட்சி. இரண்டாவது திட்டங்களை நடத்துவோர் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ள வேண்டிய குறை. அதே 2017-இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களுள் பெண்கள் நூற்றுக்கு மூவர்தாம். இந்த எண்ணிக்கை உயர உயர அந்தக் குறை தானே இளகும் என்பது என் நம்பிக்கை.

ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். நீங்கள் தினமும் உபயோகிக்கும் மென்பொருளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடத்தை விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, புதியவர்கள் அனுப்பிய பழைய பேட்ச்சுகளில் இருபதையாவது திறந்து, பராமரிப்பாளர் எவ்விதம் பதில் எழுதியிருக்கிறார் என்று வாசியுங்கள்; ஒரு திட்டத்தின் சுபாவம் அதன் அறிக்கைகளைவிட அந்தப் பதில்களில்தான் நன்றாகத் தெரியும். மரியாதையாக எழுதுபவர் என்று கண்டால், புதியவர்களுக்கு உகந்தது என்று அடையாளமிட்ட பழுதுகளில் ஒன்றைத் தேர்ந்து, இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். கல்லூரியில் இருப்பவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து தொடங்குவது நலம். தமிழில் கேட்டுத் தெளிய விரும்புவோருக்குக் கணியம் அறக்கட்டளையினர் போன்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் தமிழகத்தில் இருக்கிறார்கள். உங்கள் முதல் பேட்ச்சுக்குச் சில நாட்கள் பதிலே வராமற் போகலாம். அதை நிராகரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் வேறு வேலைகளுக்கிடையே இதைச் செய்பவர்கள். ஒரு வாரமோ இரு வாரமோ பொறுத்து, பணிவாக ஒரு வரி நினைவூட்டி எழுதுங்கள். அதற்கும் பதிலில்லையானால் அதே திருத்தத்தின் அனுபவத்தோடு அடுத்த திட்டத்துக்குப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்நோக்கும்
கட்டற்ற மென்பொருள் ஊழியன்